நாலாவது பெயர்

ஜனவரி 17, வெள்ளி

தை முதல் வெள்ளி. விடியுமுன் எழுந்து வாசல் தெளித்து, கொல்லையில் நந்தியாவட்டை பறித்து, அம்மனுக்கு ஒரு கிண்ணம் தனியாக எடுத்து வைத்தேன். சிலிண்டர் இன்று மாற்றியது. பொங்கல் பலகாரத்தால் இந்தத் தடவை சீக்கிரம் தீர்ந்துவிட்டது. பால் வராத நாளைக் கழிக்கும்படி பால்காரரிடம் சொல்ல வேண்டும்.

இவருக்குக் காலை டியூட்டி, மதுரை வண்டியில். கண்டக்டர் வேலையில் பண்டிகை வாரம் என்றால் வீட்டுப் பக்கமே வர முடியாது. செல்விக்கு மாலையில் டியூஷன். பிளஸ் டூ பரீட்சை மார்ச்சில்.

சாயங்காலம் கோயிலுக்குப் போனேன். எழுதலாமா வேண்டாமா என்று யோசித்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

அர்ச்சனைக்கு நான் பட்டரிடம் பெயர் சொல்வதில்லை. வீட்டுக்காரர் பெயரைச் சொல்லும் வழக்கம் எங்களுக்குக் கிடையாது. எழுதவும் எனக்குக் கை வராது. செல்வி பிறந்த புதிதில் மாமியார் ஒருமுறை சொல்லிக் கொடுத்ததை வைத்துக்கொண்டு பட்டரே எங்கள் வீட்டுப் பெயர்களையும் நட்சத்திரங்களையும் மனப்பாடமாகச் சொல்லிவிடுவார். முதலில் இவர் பெயர், சுவாதி நட்சத்திரம். பிறகு என் பெயர் வடிவு, ரோகிணி. கடைசியாக ஆவுடைச்செல்வி, அஸ்தம். அதோடு முடியும்.

இன்று முடியவில்லை. "ஹரிஹரசுதன், பூரட்டாதி" என்று நாலாவதாக ஒரு பெயர் கருவறைக்குள்ளிருந்து கேட்டது.

தட்டை வாங்கும்போது கேட்டேன். "சாமி, நாலாவதா ஒரு பேரு சொன்னீங்களே?"

"பாப்பா சொன்னதுதான். டியூஷன் விட்டு வரச்சே செவ்வாயும் வெள்ளியும் இந்தப் பேருக்கும் பண்ணச் சொல்றா. ஆத்து மனுஷாதான்னு நானும் சேர்த்துண்டுட்டேன். தப்பாயிடுத்தா?"

"இல்ல சாமி, சொந்தந்தான்" என்று சொல்லிவிட்டேன். சன்னதியில் நின்றுகொண்டு பொய்.

எங்கள் சொந்தத்தில் அப்படி யாரும் இல்லை. எங்கள் ஆட்கள் அப்படிப் பெயர் வைப்பதும் இல்லை.

ஜனவரி 18, சனி

கேட்கவில்லை. தோசைக்குப் போட்டேன். உப்பு போட மறந்தேன்.

ஜனவரி 21, செவ்வாய்

டியூஷன் விட்டு வந்தவள் நெற்றியில் குங்குமம் இருந்தது. "கோயிலுக்குப் போனியாட்டி?" என்றேன். "ஆமா." "யாருக்கு வேண்டிக்கிட்ட?" "எல்லாருக்குந்தான்." செருப்பைக் கழற்றியவாறே சொன்னாள். முகத்தைப் பார்க்க முடியவில்லை.

போன் தலையணைக்கு அடியில் இருக்கிறது. முன்னெல்லாம் சாப்பாட்டு மேசையில் கிடக்கும்.

ஜனவரி 24, வெள்ளி

இன்று செல்வி விரதம். நான் சொல்லாமல் அவளாகவே இருந்தாள். போன வருடமாக இருந்தால் பூரித்துப் போயிருப்பேன்.

அந்தப் பெயர் என் வாயில் வரவில்லை. ஒரு அன்னிய ஆண்பிள்ளையின் பெயரை நான் பெற்ற பெண்ணிடம் எப்படிச் சொல்லிக் கேட்பது? ராத்திரி விரதம் முடிக்கத் தட்டின் முன் உட்கார்ந்தவளிடம் சுற்றி வளைத்துக் கேட்டேன்.

"கோயில்ல பட்டர் ஒரு பேரு சொன்னாகளே."

அவள் கை தட்டிலேயே நின்றது. "உனக்குத் தெரிஞ்சு போச்சாம்மா? நீ சிரிப்பேன்னு நெனச்சேன்."

"சிரிக்கிற விஷயமா இது?"

"இல்லதான்" என்றாள். கண் நிறைந்துவிட்டது. "ரொம்ப முடியலம்மா அவனுக்கு."

"நீ அவனை நேர்ல பாத்திருக்கியா?"

"ஒரே ஒரு தடவ. திருநெல்வேலில. தூரத்துல இருந்து."

தூரத்திலிருந்து பார்த்ததற்கே இப்படி விரதம் என்றால், பக்கத்தில் பார்த்தால் என்ன ஆகும்? அதற்கு மேல் கேட்க எனக்குத் தைரியம் இல்லை. சாப்பிடாமலே தட்டைக் கழுவி வைத்தாள்.

ஜனவரி 26, ஞாயிறு

கோழி எடுத்தது. செல்வி தொடவில்லை. மாடியில் துணி எடுக்கப் போனபோது தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் "தூசி" என்றாள்.

இவரிடம் சொல்லலாமென்று வாயெடுத்தேன். பேன்ட் பித்தான் ஒன்று அறுந்திருப்பதாக இவர் சொன்னார். தைத்துக் கொடுத்தேன்.

ஜனவரி 29, புதன்

தை அமாவாசை. பாபநாசத்தில் தர்ப்பணம் கொடுத்துவிட்டு, போகிற வழியில் சுடலைமுத்து அண்ணன் வந்தார். வாழை இலையில் பரிமாறினேன். பூசணிக்காய் கூட்டு நன்றாக வந்திருந்தது.

"என்ன வடிவு, மூஞ்சி ஒரு மாதிரி இருக்கு?" என்றார்.

அப்பா போன பிறகு எங்கள் வீட்டில் எல்லாவற்றையும் அண்ணன்தான் பார்த்துக்கொண்டார். எட்டாம் வகுப்பு அரைப்பரீட்சையோடு என் பள்ளிக்கூடம் நின்றதும் அவர் பார்த்துச் செய்ததுதான். அதற்குப் பிறகு நான் படித்ததெல்லாம் மளிகைச் சாமான் மடித்து வந்த தாளில். அவரிடம் எதையும் மறைத்துப் பழக்கமில்லை. அந்தப் பெயரை மட்டும் தாளில் எழுதிக் காட்டி, மற்றதைச் சொல்லிவிட்டேன்.

அண்ணன் கோபப்படவில்லை. இலையை மடித்துவிட்டு, "நீ கவலைப்படாத. நான் பாத்துக்கிடுதேன்" என்றார்.

சொன்னதும் மனசு லேசாகும் என்று நினைத்தேன். ஆகவில்லை.

பிப்ரவரி 2, ஞாயிறு

அண்ணன் போன் பண்ணினார். வெள்ளிக்கிழமை செல்விக்குப் பூ வைக்க வருகிறார்களாம். அவர் மகன் இசக்கிராஜாவுக்கு. ஹார்டுவேர் கடையை இப்போது அவன்தான் பார்க்கிறான். முறைப்பையன். குணத்தில் குறையில்லை. போன தீபாவளிக்குக்கூட எனக்குச் சேலை எடுத்துக் கொடுத்தான்.

இவரிடம் அண்ணனே எல்லாவற்றையும் சொல்லிவிட்டார் போலிருக்கிறது. இவர் என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"என்கிட்ட மொதல்ல சொல்லணும்னு உனக்குத் தோணலையா?"

செல்வி மதுரையில் ஹாஸ்டலில் தங்கி, படம் வெட்டி ஒட்டும் படிப்புப் படிக்க இவர்தான் சரி சொல்லியிருந்தார். போனிலேயே அவள் பாட்டையும் படத்தையும் வெட்டிச் சேர்ப்பதைப் பார்த்து, "கையில வித்தை இருக்குட்டி" என்று இவர் சொன்ன நாளில் செல்வி தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு போனாள்.

செல்வியிடம் யாரும் சொல்லவில்லை. மாமா வீட்டிலிருந்து வருகிறார்கள் என்று மட்டும் சொன்னேன்.

பிப்ரவரி 7, வெள்ளி

தை கடைசி வெள்ளி. நடந்ததை நடந்த மாதிரி எழுதி வைக்கிறேன்.

அண்ணனும் மதினியும் வந்தார்கள். தாம்பாளத்தில் மல்லிகைப்பூ, தேங்காய், வெற்றிலை பாக்கு, மாம்பழக் கலரில் பட்டுச்சேலை. இவருக்கு இன்று லீவு.

"பரீட்சைய எழுதட்டும் மாப்ள. நான் வேண்டாங்கல. பூவ மட்டும் இன்னைக்கு வச்சிருவோம். மதுரை, ஹாஸ்டலு எல்லாம் இனி வேண்டாம்" என்றார் அண்ணன்.

"பிள்ளைகிட்ட ஒரு வார்த்தை கேக்கணும்லா மச்சான்" என்றார் இவர்.

"கேக்கத்தான் போறேன். ஏட்டி செல்வி, இங்க வா. யாருட்டி அந்த ஹரிஹரசுதன்?"

செல்வி என்னைப் பார்த்தாள். தாம்பாளத்தைப் பார்த்தாள். அதற்குப் பிறகுதான் அவளுக்கு எல்லாம் புரிந்தது போலிருந்தது.

"எந்த ஊர்க்காரன்?"

"மெட்ராஸ், மாமா. இப்ப ஐசியுல கெடக்கான்."

"பாத்தீகளா மாப்ள! ஆஸ்பத்திரி வரைக்கும் தெரிஞ்சு வச்சிருக்கா!"

"ஊருக்கே தெரியும் மாமா. ஷூட்டிங்ல கயிறு அறுந்து விழுந்தான்னு டிவில சொன்னான்லா." என் பக்கம் திரும்பினாள். "யம்மா, குருவிம்மா. நம்ம குருவி!"

செல்வி மூன்றாவது படிக்கும்போது டிவியில் 'மணிக்கூடு' என்று ஒரு தொடர் வந்தது. அதில் அம்மா இல்லாத ஒரு சின்னப்பையன் வருவான். எல்லோரும் அவனைக் குருவி என்று கூப்பிடுவார்கள். தினமும் நானும் செல்வியும் ஒரே போர்வைக்குள் உட்கார்ந்து பார்ப்போம். அந்த ஒரு தொடருக்காக விளக்கேற்றும் நேரத்தை நான் முன்னால் தள்ளி வைத்திருந்தேன். அவன் பசியோடு தூங்கிய அன்றைக்கு நாங்கள் இரண்டு பேரும் சாப்பிடவில்லை. இவர் வந்து திட்டினார். அந்தப் பையன் வளர்ந்து இப்போது சினிமாவில் நடிப்பது எனக்குத் தெரியும். விழுந்து அடிபட்டதையும் பேப்பரில் பார்த்து உச்சுக்கொட்டியிருக்கிறேன். பேப்பரிலும் குருவி என்றுதான் போட்டிருந்தான். அவனுக்குப் பெற்றவள் வைத்த பெயர் ஒன்று இருக்கும் என்று எனக்கு ஒரு நாளும் தோன்றவில்லை.

"அவங்கம்மா பேட்டில சொன்னாங்க, அதான் இவன் பேரு, இவன் நட்சத்திரம், எல்லாரும் அவங்கவங்க ஊர்க் கோயில்ல வேண்டிக்கோங்கன்னு. நாங்க அவன் ரசிகர்கள் எல்லாரும் செய்யுதோம்மா. துபாய்ல இருக்குற ஒரு அக்காகூட செய்யுதாங்க."

இவர் சிரித்துவிட்டார். "நடிகனுக்காட்டி அர்ச்சனை!" மதினியும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். எனக்கும் சிரிப்பு வரப் பார்த்தது.

அண்ணன் சிரிக்கவில்லை.

"நடிகன்னா மட்டும் லேசா? இங்க ஆரம்பிச்சுத்தான் எல்லாம் கெட்டுப்போகும். நம்ம வீட்டுக்கு இது புதுசா என்ன? வடிவு, ஞாபகம் இருக்குல்லா?"

நான் காப்பி போட உள்ளே போனேன். பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்துவிட்டது. துடைத்துவிட்டு வரும்போது பேச்சு முடிகிற இடத்துக்கு வந்திருந்தது.

"நெசமோ பொய்யோ, கொண்டு வந்த பூவத் திருப்பிக் கொண்டு போகக்கூடாது மாப்ள. பிள்ளைக்குத்தான் ஆகாது."

இவர் தாடையைத் தடவிக்கொண்டு என்னைப் பார்த்தார். "நல்ல பையன்தானே வடிவு. உள்ளூர்லயே இருப்பா. கண்ணுமுன்னால."

செல்வி சுவரில் மாட்டியிருந்த மதுரைக் காலேஜ் காலண்டரையே பார்த்துக்கொண்டு நின்றாள். எனக்கும் அந்த வயதில் பேச வரவில்லை.

"அம்மன்கிட்ட பூ கேட்டுருவோம்ண்ணே" என்றேன். எப்படி வாயில் வந்ததென்று தெரியவில்லை. "செவ்வாய்க்கிழம தைப்பூசம். அதுவரைக்கும் தாம்பாளம் இங்கயே இருக்கட்டும். அம்மன் என்ன சொல்லுதாளோ அதுதான்."

அம்மன் பெயரைச் சொன்ன பிறகு அண்ணன் மறுக்க முடியாது. வெள்ளைப்பூ ஒரு பொட்டலம், சிவப்புப்பூ ஒரு பொட்டலம் கட்டி அம்மன் காலடியில் வைத்து, ஒரு குழந்தையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வது. வெள்ளை வந்தால் சம்மதம், சிவப்பு வந்தால் இல்லை. எங்கள் கல்யாணத்துக்கும் அப்படித்தான் கேட்டார்கள். வெள்ளைதான் வந்தது.

"பொட்டலம் நீயே கட்டு" என்றார் அண்ணன். "உன்னவிட சாமிக்குப் பயந்தவ யாரு இருக்கா?"

பிப்ரவரி 8, சனி

மாடியில் கூழ் வற்றல் பிழிந்தோம். வெயில் நன்றாக இருந்தது. செல்வி பிழியப் பிழிய நான் வேட்டியை இழுத்துப் பிடித்துக்கொண்டேன்.

"வெள்ள வந்துட்டா என்னம்மா செய்யுத?"

"வராது."

"உனக்கு எப்பிடித் தெரியும்?"

"அம்மன் பாத்துக்கிடுவா. ஒழுங்கா பிழி, கோணுது பாரு."

கொஞ்ச நேரம் கழித்து அவளாகவே பேசினாள். "அவன நான் லவ் எல்லாம் பண்ணலம்மா. பள்ளிக்கூடத்துல பிள்ளைக சிரிக்காளுக, இன்னுமாட்டி அந்தக் குருவின்னு. எனக்கே இப்பல்லாம் அவன் படம் பிடிக்காது. கண்டபடி சண்ட போடுதான். ஆனா அவன் விழுந்துட்டான்னதும் அந்தப் போர்வைதான் ஞாபகம் வந்துச்சு. அப்ப நீ என் பக்கத்துல உக்காந்திருப்ப. இப்ப எப்பப் பாத்தாலும் அடுக்களை, இல்லாட்டி பூஜை. அவன் போயிட்டான்னா அதுவும் போயிரும்லா."

"எது?"

"அதான்மா. சொல்லத் தெரியல."

காக்கா விரட்டுவது போல எழுந்து போனேன்.

மத்தியானம் தாம்பாளத்துச் சேலையைப் பத்திரமாக வைக்க டிரங்குப்பெட்டியைத் திறந்தோம். நான் கல்யாணத்துக்குக் கொண்டு வந்த பெட்டி. மூடியின் உள்பக்கம் முருகன் படம் ஒட்டியிருக்கிறேன். ஓரத்தில் பசை விட்டிருந்தது. செல்வி விரலால் தூக்கிப் பார்த்தாள்.

"அடியில யாரும்மா இது?"

"அது பழைய தாளு."

"தாளுக்குக் காது இருக்குமா? முடிகூட இருக்கு. சுருட்டை முடி. ஏதோ பழைய நடிகன் மாதிரி."

"யாரோ கிழிச்சது போக ஒட்டிக்கிட்டு நிக்குது. விடு."

"யாரு கிழிச்சா?"

சேலையை மடித்து உள்ளே வைத்தேன். அவளும் மறுபடி கேட்கவில்லை. மாமா 'ஞாபகம் இருக்குல்லா' என்று கேட்டதை அவளும் கேட்டுக்கொண்டுதானே நின்றாள். எழுந்து போய்ச் சோற்றை எடுத்துவந்து படத்தின் ஓரத்தில் தேய்த்து, முருகனை அழுத்தி ஒட்டினாள். பிறகு என் தோளில் தலையை வைத்துக்கொண்டாள். கனமாக இருந்தது. எப்போது இவ்வளவு வளர்ந்தாள்?

பிப்ரவரி 10, திங்கள்

சிவப்பு அரளி வாங்கினேன். வெள்ளைக்கு வீட்டு நந்தியாவட்டை இருக்கிறது, காலையில் பறித்துக்கொள்ளலாம் என்று அண்ணனிடம் போனில் சொன்னேன்.

பிப்ரவரி 11, செவ்வாய்

தைப்பூசம். தலைக்குக் குளித்து, ஈரத்தோடு பொட்டலம் கட்டினேன். அடுக்களைக்குள் யாரும் வரவில்லை. பொட்டலம் மடிக்க எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இரண்டும் ஒரே அளவு, ஒரே முடிச்சு. எது எதுவென்று கட்டிய எனக்கே தெரியாது.

கோயிலில் கூட்டம். பட்டர் இரண்டையும் வாங்கி அம்மன் காலடியில் வைத்தார். பூக்காரம்மாவின் பேத்தி, நாலு வயதிருக்கும், அதைக் கூப்பிட்டார். அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். இவரும் செல்வியும் தூணோரம். நான் அம்மன் முகத்தைப் பார்க்கவில்லை. விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

குழந்தை ஒன்றை எடுத்தது. பட்டர் பிரித்தார். சிவப்பு.

அண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "அவ சொன்னா சரிதான்" என்றார். அவரைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது. பிரித்த பூவை அம்மனுக்கே சாத்திவிட்டோம். சேலையை மதினியிடம் கொடுத்தேன். "அடுத்தவளுக்கு ஆகும்" என்றாள்.

இன்னொரு பொட்டலத்தைப் பட்டர் என்னிடம் கொடுத்தார். தெப்பக்குளத்தில் போட்டுவிட்டேன். பிரிக்க வேண்டிய அவசியம் இல்லை.

வரும் வழியில் இவர் மெதுவாகச் சொன்னார். "மதுரை டிப்போவுக்கு மாத்தல் கேட்டுப் பாக்கட்டுமா? வாரத்துக்கு ஒருக்கா பாத்துட்டு வரலாம்லா."

பிப்ரவரி 12, புதன்

காலையில் கொல்லைப் பக்கம் போன செல்வி சத்தம் போட்டாள். "யம்மா, நந்தியாவட்டை செடி கொள்ளாம பூத்துக் கெடக்கு! நேத்துப் பறிக்கவே இல்லையா?"

"மறந்துட்டேன்" என்றேன்.

செடியையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு கிண்ணத்தை எடுத்து, நேற்று மலர்ந்து வாடியது, இன்று மலர்ந்தது எல்லாவற்றையும் ஒன்று விடாமல் பறித்தாள். அவள் அப்பா வெளியே வருவதற்குள் பறித்து முடித்துவிட்டாள்.

பிப்ரவரி 14, வெள்ளி

கோயிலுக்குப் போகவில்லை. தலைவலி.

பிப்ரவரி 21, வெள்ளி

போகவில்லை. செல்வியிடம் பூவைக் கொடுத்து அனுப்பினேன்.

மார்ச் 3, திங்கள்

இன்று தமிழ்ப் பரீட்சை. இட்லி மூன்றுதான் இறங்கியது. வாசலில் நின்று, "கோயில் வரைக்கும் வாயேம்மா, கும்பிட்டுட்டுப் போறேன்" என்றாள். கோபுரவாசல் வரை போனேன். அவள் உள்ளே போய்விட்டு வந்தாள். என் நெற்றியில் அவளே குங்குமம் வைத்துவிட்டாள்.

மார்ச் 14, வெள்ளி

குருவியை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்களாம். பேப்பரில் படம் வந்திருக்கிறது. தலையை மொட்டையடித்து, தாயின் தோளைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். இனி நடிக்க மாட்டானாம். அந்தத் தாய்க்கு என் வயதுதான் இருக்கும். பேப்பரைப் பழைய பேப்பர்காரருக்குப் போடவில்லை.

மார்ச் 25, செவ்வாய்

பரீட்சை முடிந்தது. நன்றாக எழுதினேன் என்கிறாள். வந்ததும் போனைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். எட்டிப் பார்த்தேன். அவன் படங்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டுக்கொண்டிருந்தாள்.

"ஏட்டி, எதுக்கு?"

"எடம் இல்லம்மா. காலேஜ் வேலைக்குப் போன்ல நெறைய எடம் வேணும்." கொஞ்சம் நிறுத்தி, "கோயில்லயும் இனி அந்தப் பேரு வேண்டாம்மா. அவன்தான் பொழச்சிட்டான்லா. வரும்போது பட்டரப் பாத்துச் சொல்லிட்டேன்" என்றாள்.

எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டாள். ஒரு படத்தை மட்டும் எடுக்காமல் வைத்திருந்தாள். எதுவென்று கேட்டேன். காட்டினாள். அதில் குருவி இல்லை. எங்கள் பழைய டிவியும், எதிரே தரையில் விரித்த பச்சைப் போர்வையும் இருந்தன. அவள் அப்பா எடுத்தது. போர்வைக்குள் இரண்டு தலைகளின் பின்பக்கம்.

மார்ச் 28, வெள்ளி

இன்று கோயிலுக்குப் போனேன். செடியில் பூத்ததை எல்லாம் கொண்டு போனேன். வீட்டுப் படங்களுக்குக்கூட வைக்கவில்லை. இனி அந்தச் செடியின் பூ முழுக்க அம்மனுக்குத்தான். நான் இருக்கிற வரைக்கும் அப்படித்தான் என்று சொல்லி அவள் முகத்தைப் பார்த்தேன். விளக்கு வெளிச்சத்தில் எப்போதும் போலத்தான் இருந்தாள்.

"என்ன வடிவம்மா, ரொம்ப நாளாக் காணலையே" என்றார் பட்டர். "வழக்கமான பேருதானே?"

"ஆமா சாமி."

மணியை எடுத்தவர் திரும்பினார். "அந்த நாலாவது பேரு? பாப்பா வேண்டாம்னுட்டாளே, வரச்சே பார்த்தேன்."

"இருக்கட்டும் சாமி" என்றேன். பட்டர் என்னையே பார்த்தார். எங்கள் வீட்டு வழக்கத்தில் இல்லாததுதான். ஆனாலும் இந்தத் தடவை நானே வாய் திறந்து சொன்னேன். "ஹரிஹரசுதன். பூரட்டாதி."

வீட்டுக்கு வந்து பால் காய்ச்சினேன். பொங்கவில்லை.